முன்மாரி பெய்யும் மனை

தாம்பரம் பக்கத்துத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை என்றால் வாழைத்தார், பூசணி, கரும்புக்கட்டு, நாட்டுக்கோழி முட்டை என்று காணிக்கை குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒற்றைத் தேங்காய் கடை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். பூசணி மட்டும் முதல் நாள் மாலை சண்முகம் சாலை மார்க்கெட்டில் வாங்கியதாக இருக்கும். அறுக்க இங்கே வயல் ஏது?

உபாகமம் 11-ஆம் அதிகாரம் வாக்களிக்கும் நிலம், எகிப்தைப்போலப் பாடுபட்டு நீர் பாய்ச்சும் நிலமல்ல. வானத்து மழையைக் குடிக்கும் நிலம். முன்மாரியும் பின்மாரியும் தவறினால் செழிப்பும் இல்லை. செங்கல்பட்டுச் சீமைக்கு இது நன்றாகவே புரியும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் தேக்கித்தான் இங்கே நெல் விளைந்தது. சேலையூர் ஏரி நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், பிறகு செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று கலங்கல் தாண்டித் தாண்டி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும்.

அந்த ஆயக்கட்டெல்லாம் இன்று மனை. சதுர அடி விலை ஏறியதைத்தான் ஆசீர்வாதம் என்று சாட்சி சொல்கிறார்கள். அது பாவமா? ஆயுள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டி அரை கிரவுண்டு வாங்கியவரைக் குற்றவாளி என்பது அநியாயம்.

ஆனால் வேதம் நிலத்தை முழுசாக யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. லேவியராகமம் 25-இன்படி நிலம் கடவுளுடையது, அறுதியாக விற்கக் கூடாது, குடியிருப்பவர் பரதேசி. 19-ஆம் அதிகாரமோ வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடச் சொல்கிறது. அப்படி விட்ட ஓரத்துக்கு நம் ஊர்ப் பெயர் புறம்போக்கு: வரிக்கணக்குக்கு வெளியே, எல்லார் மாட்டுக்கும் எல்லார் தண்ணீருக்கும் ஒதுக்கியது. அதையே வசைச்சொல்லாக்கிய சமூகம் கால்வாயை எப்படி மதிக்கும்?

2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்கு ஏறியவர்களைப் படகில் மீட்டார்கள். அவ்வளவு மழையை எந்த ஏரியும் முழுசாகத் தாங்கியிருக்காது, உண்மைதான். இருந்தாலும் நீர் போகும் வழியில் மனைப்பிரிவு போட்டவரும், அதற்கு முத்திரை குத்தியவரும் மழைமேல் பழி போட முடியாது. மனையை உயர்த்தி மண் கொட்டித் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டவருக்கும் அதில் பங்குண்டு.

இந்தப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றோடு நின்றுவிட வேண்டாம். கலங்கல் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.