குறை என்பது எதன் குறை?

வகைப்படுத்தாமல் அறிவு வளர்வதில்லை. ஆயினும், வகைப்படுத்துதல் எங்கே முடிகிறது? தீர்ப்புக் கூறுதல் எங்கே தொடங்குகிறது? இவ்வினாவை ஆராய எண்களின் உலகம் நல்லதொரு களமாகும். அங்கே விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்று நாம் நம்புகிறோம் அல்லவா?

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும். அவ்வெண்ணை மட்டும் விடுத்து, ஏனைய காரணிகளைக் கூட்டிப் பார்ப்போம். 6இன் காரணிகளான 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 6. எண்ணும் தொகையும் ஒத்திருப்பதால் இது நிறைவெண். 12க்கோ 1, 2, 3, 4, 6 ஆகியவை கூடி 16 ஆகின்றன, இது மிகையெண். 8இன் காரணிகளான 1, 2, 4 ஆகியவை கூடி 7 மட்டுமே தருகின்றன, இது குறையெண். 1 முதலாக எந்த முழு எண்ணும் இம்மூன்று வகைகளுள் ஒன்றில் அடங்கிவிடும்.

கி.பி. 100ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த கெராசா நகரத்து நிக்கோமாக்கசு என்னும் கிரேக்க அறிஞர், தம் எண்கணித நூலில் இப்பாகுபாட்டை விளக்கியதோடு அமையவில்லை. மிகையெண்ணை அளவுக்கு மிஞ்சிய உறுப்புகள் கொண்ட விலங்கிற்கும், குறையெண்ணை உறுப்புக் குன்றிய விலங்கிற்கும் ஒப்பிட்டார். நிறைவெண்ணையோ மிகைக்கும் குறைக்கும் இடைநின்ற அறத்தோடு இணைத்தார். அறம் அரிது, நிறைவெண்ணும் அரிது. 10,000க்குள் 6, 28, 496, 8128 என நான்கே உள்ளன.

உவமை அழகியதுதான். ஆனால், 7 என்னும் எண் செய்த பிழை யாது? அது பகா எண். ஆதலின், அதன் காரணித்தொகை வெறும் 1. இவ்வளவுகோலின்படி அது பெருங்குறை உடையது. ஆயினும், யூக்ளிட் காட்டிய வழியைப் பாருங்கள். 1, 2, 4 என இரட்டித்துச் செல்லும் எண்களின் கூட்டுத்தொகை பகா எண்ணாக அமைந்தால், அதனை இறுதி எண்ணால் பெருக்க நிறைவெண் கிடைக்கும். 1, 2, 4 கூடினால் 7. அதனை 4ஆல் பெருக்கினால் 28. குறையுடையது என்று நாம் ஒதுக்கிய ஏழே நிறைவின் அடிக்கல்லாய் நிற்கிறது! அதுமட்டுமன்று, 1ஐவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணும் பகா எண்ணாக இருக்கும், அல்லது பகா எண்களின் பெருக்கமாக இருக்கும்.

மற்றோர் உண்மையும் உண்டு. 220 மிகையெண், 284 குறையெண். ஆனால், 220இன் காரணிகள் கூடி 284 ஆகின்றன. 284இன் காரணிகள் கூடி 220 ஆகின்றன. ஒன்றன் மிகையும் மற்றொன்றன் குறையும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. இவற்றை நட்பெண்கள் என்பர். தனித்து நோக்குவார்க்கு இவ்வுறவு புலப்படாது.

ஆகவே, அளவுகோலே வேண்டா என்பது நம் கருத்தன்று. 8இன் காரணித்தொகை 7 என்பது உண்மை. அதனை எவராலும் மாற்ற இயலாது. அவ்வுண்மையின்மேல் 'குறை' என்னும் பெயரை ஏற்றி, அப்பெயரையே இயல்பெனக் கொள்ளும்போதுதான் அறம் பிழைக்கிறது. எண்களுக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. அவை நாம் இட்ட பெயரை அறியா. மாணவரோ அறிவர். ஒரு தேர்வு ஒரு திறனைத்தான் அளக்கிறது. மதிப்பெண்ணை எழுதும் கை, அதன் அருகே மனிதனின் மதிப்பையும் எழுதிவிடலாகாது. 'குறை' என்று சொல்ல நா எழும்போதெல்லாம், 'எதன் குறை?' என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.