விமானி அறையில் ஓர் ஆப்த வாக்கியம்

1977 மார்ச் 27, ஞாயிறு மாலை. கனாரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தைப் பனி மூடியிருந்தது. பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் இங்கே திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் நின்றன. நெதர்லாந்தின் கேஎல்எம் விமானம் வானேற ஓடத் தொடங்கியபோது, அதன் விமானப் பொறியாளருக்கு மட்டும் மனதில் ஏதோ உறுத்தியது. அமெரிக்காவின் பான் ஆம் விமானம் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை.

சில நொடிகளில் இரண்டும் மோதின. 583 பேர் இறந்தார்கள். இத்தனை உயிர்களைப் பறித்த விமான விபத்து அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறர் சொல்லை நம்பி நாம் பெறும் அறிவு எப்போது மெய்யறிவாகிறது? இந்தியத் தத்துவ மரபில் இந்தக் கேள்வியை விடாமல் துருவியவர்கள் நியாயத் தத்துவப் பள்ளியினரான நையாயிகர்கள். நம்பத்தகுந்தவனின், அதாவது ஆப்தனின், சொல்லும் மெய்யறிவு தரும் பிரமாணம் என்றது அவர்களின் மூலநூலான நியாய சூத்திரம். பின்வந்தவர்கள் நிபந்தனைகளைச் சேர்த்தார்கள்: சொற்கள் ஒன்றையொன்று வேண்டி நிற்க வேண்டும், பொருளால் பொருந்த வேண்டும், இடைவெளியின்றித் தொடர வேண்டும், சொன்னவர் எதைக் கருதிச் சொன்னார் என்பதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

டெனெரிஃபில் முதலில் முறிந்தது இந்தக் கடைசி நிபந்தனைதான். 'நாங்கள் இப்போது டேக்ஆஃபில்' என்ற பொருளில் கேஎல்எம் துணை விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார். ஓடுபாதை முனையில் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். 'ஓகே' என்றார். சற்று நிறுத்தி, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். அதே நேரத்தில் பான் ஆம் விமானி, தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக அறிவித்தார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்களும் சேர்ந்து கீச்சொலியாயின. கேஎல்எம் அறையில் தெளிவாகக் கேட்டது 'ஓகே' மட்டும்.

வானொலியின் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கேப்டன் யாக்கோப் வான் சான்டனுக்குப் புறப்பட்டாக வேண்டியிருந்தது. பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அனுமதி வருமுன்பே ஒருமுறை விசையைக் கூட்டினார், துணை விமானி தடுத்தார். இரண்டாம் முறை தடுக்கவில்லை. அந்த இளைய விமானிக்கு 747 ஓட்டத் தகுதிச் சோதனை நடத்தியவரே இந்தக் கேப்டன்தான். மூத்த பயிற்சியாளர். அந்த அறையில் அவர் சொன்னதுதான் ஆப்த வாக்கியம்.

ஆனால் நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்குச் சொன்ன இலக்கணத்தில் பதவி கிடையாது. பொருளை நேரடியாக அறிந்தவன், அறிந்தபடியே அதைச் சொல்ல விரும்புபவன், அவ்வளவுதான். ரிஷிக்கும் மிலேச்சன் எனப்பட்ட அந்நியனுக்கும் இந்த இலக்கணம் பொது என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். இதன்படி பார்த்தால், பான் ஆம் விமானம் எங்கே நிற்கிறது என்ற விஷயத்தில் வான் சான்டன் ஆப்தன் அல்லர். பனியில் அவர் அதைக் காணவில்லை. பொறியாளரின் ஐயம் அவருடைய உறுதியைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

இலக்கணத்தின் இரண்டாம் பாதி தவறினாலும் ஆபத்துதான். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அவியாங்கா விமானம் ஒன்று நியூயார்க்கை நெருங்கும் வழியில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் நிறுத்திவைக்கப்பட்டது. அவசரநிலை என்று சொல்லுமாறு கேப்டன் பணித்தார். துணை விமானி எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றார், முன்னுரிமை கேட்டார். அவசரநிலை என்று மட்டும் அறிவிக்கவே இல்லை. சொல்லிவிட்டதாகக் கேப்டனிடம் தெரிவித்தார். தரையில் இருந்தவர்களும் துருவிக் கேட்கவில்லை. லாங் ஐலண்டில் விழுந்த அந்த விமானத்தில் 73 பேர் மாண்டார்கள். அறிந்தவர் அறிந்தபடியே சொல்லவில்லை.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் நடந்தது இன்னொரு வகை. 15,000 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கஜகஸ்தான் விமானத்துக்கு வந்த உத்தரவு. வானொலி இயக்குநர் அதை ஏற்றுப் பதிலும் தந்தார். விமானமோ கீழே இறங்கிச் சவுதி விமானத்தில் மோதியது. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. திருப்பிச் சொன்னதாலேயே ஒருவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று ஆகிவிடாது.

டெனெரிஃபுக்குப் பிறகு, புறப்பட அனுமதி தரவும் அதை ரத்துசெய்யவும் தவிர 'டேக்ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்தது. இளையவர் தன் ஐயத்தை வற்புறுத்திச் சொல்லவும் கேப்டன் அதற்குச் செவிகொடுக்கவும் விமானக் குழுக்களுக்குப் பயிற்சி தொடங்கியது. பழி யாருக்கு என்பதில் மட்டும் இரு நாடுகள் உடன்படவில்லை. ஸ்பெயினின் அறிக்கை, அனுமதியின்றிப் புறப்பட்ட கேப்டன்மீது முதன்மைப் பொறுப்பை வைத்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதை நெதர்லாந்து வலியுறுத்தியது. புரிதல் பிழைத்தது இரு பக்கமும் என்பது உண்மைதான். ஆனால் பொறியாளர் கேட்ட நொடியில் அந்தப் பிழையைத் திருத்த வழி திறந்திருந்தது. காணாததை அறிந்ததாகச் சொல்லி அந்த வழியை அடைத்தவர் கேப்டன். பொறுப்பில் பெரும்பங்கு அவருடையதே.