மூச்சுக்கருவியை எப்போது நிறுத்தலாம்?

உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 3,000 பிரசவத்துக்கு ஒன்று. வயிற்றில் இருக்க வேண்டிய குடலும் இரைப்பையும், சில நேரம் ஈரலும், அந்த வழியே நெஞ்சுக்குள் ஏறிவிடும். நுரையீரல் வளர இடமிருக்காது. ஓட்டையைத் தைத்துவிடலாம், வளராத நுரையீரலுக்கு என்ன செய்வது? சிக்கலே அங்கேதான்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே இது பல நேரம் தெரிந்துவிடும். தெரிந்தால் தாயை முன்கூட்டியே கீழே அனுப்பலாம். தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் எது?

"எழுதினதுதான் நடக்கும், பச்ச ஒடம்ப ஏன் குத்துறீங்க" என்பார் ஒரு பெரியவர். "உயிர் இருக்கிறவரைக்கும் விடாதீங்க டாக்டர்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பிள்ளையைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

என்ன எழுதியிருக்கிறது என்று முயன்று பார்க்காமல் யாருக்குத் தெரியும்? 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இடப்பக்கம் மிகக் கடுமையாக இருந்த பிள்ளைகளில் வழக்கமான சிகிச்சையோடு 40இல் 6 பேர் பிழைத்தார்கள். கருவிலேயே மூச்சுக்குழாயில் சிறு பலூன் வைத்தபோது 40இல் 16 பேர். ஸ்கேன் சொல்வது கூட்டத்தின் கணக்கு. நம் பிள்ளை அந்த ஆறில் ஒன்றா என்று அது சொல்லாது. அதனால் தொடங்குவதே தர்மம். கூடவே பிழைக்கவே முடியாத வேறு குறைகளும் இருந்தால் மட்டும், முதலிலிருந்தே வலியில்லாமல் மடியில் வைத்திருப்பது சரியாகலாம்.

தொடங்கியதை நிறுத்தவே கூடாதா? மூச்சுக்கருவி, மருந்து எல்லாம் கொடுத்தும் நாள்கணக்கில் ஆக்சிஜன் ஏறவில்லை, அறுவைக்கே உடம்பு தாங்காது என்றால், கருவி நீட்டுவது வாழ்வை அல்ல, சாவை. அப்போது நிறுத்துவது கொலையாகாது. உயிரை எடுப்பது நோய். "நாங்க எல்லாம் செஞ்சோம்" என்று நாம் ஆறுதலடைய அந்தப் பிஞ்சு குத்துப்பட வேண்டுமா?

இந்த முடிவை நடுராத்திரியில் ஒரு கையெழுத்தாக இளம் தாயின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. மருத்துவர்கள் தங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் கிளைத் தம்பிகள் இரண்டு பேராவது கூடப் போய் வார்டு வாசலில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. முப்பதாம் நாள்வரை பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் நாளே வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். பெரியவர்கள் ஆட்சேபித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.