வெட்டுவாயும் வேரும்

'வேரற்ற எழுத்து' என்ற வசை நம்மிடையே தாராளமாகப் புழங்குகிறது. வசைக்கு ஆளாகிறவர்களோ மரபிலிருந்து துண்டிக்கப்பட்ட காயத்தையே தகுதியாகக் காட்டுகிறார்கள். இருவருக்கும் வேர் வெறும் உவமை. அது எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் இரண்டு கட்சியும் நிற்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

முருங்கைப் போத்தையோ செம்பருத்திக் குச்சியையோ வெட்டும்போது அதில் வேர் கிடையாது. மொட்டிலும் இளந்தளிரிலும் உண்டாகும் ஆக்ஸின் தண்டினூடே கீழிறங்கி, வெட்டுவாயில் மேற்கொண்டு வழியில்லாமல் தேங்குகிறது. அங்கே வேறு வேலையிலிருந்த செல்கள் பிளவுறத் தொடங்கி வேராகின்றன. தாய்மரம் வேரைப் பங்கு பிரித்துக் கொடுப்பதில்லை. துண்டு தானே செய்துகொள்கிறது.

இதைப் பூரண சுதந்திரம் என்று கொண்டாடவும் இடமில்லை. ஃபெஹ்டிங் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்லோ மரக் குச்சிகளை ஈரக்காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்ட சோதனைகளை 1878இல் வெளியிட்டார். மரத்தில் கீழ்ப்பக்கமாக இருந்த நுனியே, இப்போது மேலே இருந்தும், வேர்விட்டது. தாய்மரத்தில் அமைந்த திசை குச்சியோடு கூடவே வந்துவிடுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. வெட்டுவாயில் காலஸ் என்ற தழும்புத் திசு திரளும். காயத்தை மூடுவது அதன் வேலை. வேர் உண்டாவது பெரும்பாலும் தனிக் காரியம். தழும்பு பருத்தும் வேரே விடாத குச்சிகள் உண்டு. சேமிப்பில் இருப்பதைச் செலவழித்து அவை தளிர்க்கவும் செய்யும். பிழைத்துவிட்டது என்று நாம் நம்பியிருக்கும்போது ஒரு நாள் தொங்கிப்போகும்.

வங்கியில் ஊர் ஊராக மாற்றலாகிறவர்களிடம் இதைப் பார்க்கிறேன். விட்டுவந்த ஊரின் ஏக்கத்தை இருபது வருஷம் பத்திரமாக வைத்திருப்பார்கள். குடியிருக்கும் ஊரின் ஏரிக்குப் பெயர் தெரியாது. நமது அந்நியமாதல் கவிதைகளில் பலவும் இப்படித்தான். காயம் நிஜம், தளிரும் நிஜம். நிற்கிற மண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் ஏறவில்லை.

ஆகவே ஒரு எழுத்தாளனிடம் உன் தாய்மரம் எது என்றோ, எவ்வளவு ஆழமாக வெட்டுப்பட்டாய் என்றோ கேட்பதில் எனக்கு அக்கறையில்லை. இங்கே எதை உறிஞ்சினாய் என்று கேட்கலாம். போத்தில் வளர்ந்த முருங்கைக்கு ஆணிவேர் இல்லை. பெருங்காற்றில் சீக்கிரம் சாயும். அது தெரிந்தேதான் ஜனங்கள் நடுகிறார்கள். காய்க்கிறது.