பூக்கட்டிப் பார்த்தல்

மனசு ஒரு முடிவுக்கும் வராமல் தத்தளிக்கும்போது நம் வீடுகளில் பூக்கட்டிப் பார்ப்பது உண்டு. ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. சுவாமி சந்நிதியில் இரண்டையும் போட்டு, விவரம் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெண்ணைக் கொடுப்பதையும் நிலத்தை விற்பதையும் ஒரு பொட்டலமா தீர்மானிப்பது என்று கேட்பார்கள்.

ஆனால் இன்றைய வைத்திய விஞ்ஞானம் தன்னுடைய பெரிய கேள்விகள் பலவற்றுக்கு ஏறக்குறைய இந்த வழியில்தான் விடை தேடுகிறது. ஒரு சிகிச்சை பலிக்குமா என்று அறிய நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். யார் எந்தக் கூட்டத்தில் சேருவது என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. சீட்டுதான் தீர்மானிக்கிறது.

உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் சீட்டுப் போட ஒரு மனிதனுக்கு என்ன அதிகாரம்? நான் கதை எழுதுகிறவன். என் கதையில் யார் பிழைப்பது, யார் சாவது என்று நானே முடிவு செய்கிறேன். செத்துப்போன பாத்திரத்தின் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்று நியாயம் கேட்பதில்லை. டாக்டரிடம் அவள் கேட்பாள். "என் புருஷனுக்கு எது நல்லதென்று உங்களுக்குத் தெரியாதா? சீட்டையா எடுத்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

"தெரியாது அம்மா" என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அந்தத் தெரியாது உண்மையாக இருக்கவேண்டும். இந்த விஷயத்தில் தர்மமும் அதர்மமும் பிரிகிற இடம் அதுதான்.

சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். க்ஷயரோகம் என்றால் சானடோரியம் என்று இருந்த காலம். நல்ல காற்று, படுக்கையில் ஓய்வு, பாலும் முட்டையும் சேர்ந்த சாப்பாடு. இவை இல்லாமல் அந்த நோய் தீராது என்று டாக்டர்களே நம்பினார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் இன்றும் இருக்கிறது. ஆனால் நோயாளிகளுக்கு ஏற்ற அளவு படுக்கை நாட்டில் எங்கும் இல்லை. இடம் கிடைக்காதவன் இருமிக்கொண்டே வீட்டில் கிடந்தான்.

1956இல் சென்னையில் இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், அன்றைய சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடிச் செய்த ஏற்பாடு அது. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அதில் முக்கியமானவர். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரு வருஷம் ஒரே மருந்துகள்தான்: ஐசோனியாஸிட், பாஸ். சாப்பாடும் ஓய்வும் மட்டும் ஒன்றல்ல. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டுமே குறைவு.

1959இல் முடிவு வெளியாயிற்று. வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருந்த மனைவி மக்களுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. காலக்கிரமத்தில் உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாக இந்த ஆராய்ச்சியும் ஒரு முக்கிய காரணம். பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து வருஷக்கணக்கில் எங்கேயோ படுத்துக் கிடக்கவேண்டிய தலையெழுத்து கோடிக்கணக்கான பேருக்கு மாறியது.

சீட்டுப் போடாமல், டாக்டர்களின் இரக்கமே ஆளைப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெலிந்தவனைப் பார்த்து மனம் இளகி அவனைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவனும் அங்கேதான் போயிருப்பான். அப்புறம் எந்தக் கணக்கும் உண்மையைச் சொல்லியிருக்காது. சீட்டுக்கு இரக்கம் கிடையாது. மைத்துனன், மச்சான் என்ற பாசமும் கிடையாது. நம் நாட்டில் இது சாமானியமான குணமா?

ஆகவே, உண்மையாகவே தெரியாதபோது சீட்டுப் போடுவது பாவம் அல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வதுதான் பாவம். இதுவரை என் மனசுக்குச் சமாதானம் இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தச் சென்னை நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அதனுடைய டாக்டர்களும் பங்கு கொண்ட இன்னொரு ஆராய்ச்சி 2019இல் ஜார்க்கண்டில் ஆரம்பமாயிற்று. இந்தத் தடவை சீட்டு விழுந்தது மருந்தின்மேல் அல்ல, சோற்றின்மேல். நான்கு மாவட்டங்களில் 28 காசநோய்ப் பிரிவுகள். எல்லாப் பிரிவுகளிலும் நோயாளிக்கு மாதம் பத்துக் கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். சீட்டில் வந்த பாதிப் பிரிவுகளில் மட்டும் நோயாளியின் குடும்பத்தாருக்கும், வயது வந்தவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் கொடுத்தார்கள். மற்றப் பாதியில் குடும்பத்தாருக்கு ஒன்றும் இல்லை.

2023இல் முடிவு வந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பத்தாரைத் தொடர்ந்து பார்த்ததில், அரிசியும் பருப்பும் கிடைத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்திருந்தது. கிருமியைப் பரிசோதனையில் கண்டு உறுதி செய்த நோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 பங்கு.

இங்கேதான் மனசு முரண்டு பிடிக்கிறது. பசித்த வீட்டுக்கு அரிசி நல்லதா என்பது ஒரு கேள்வியா? இதில் யாருக்கு என்ன தெரியாது? அந்த வெறும் பொட்டலம் எந்த வீடுகளுக்குப் போயிற்றோ அங்கே நோய் கண்டவர்களுக்கு யார் பொறுப்பு?

ஆராய்ச்சி செய்தவர்கள்மேல் விரல் நீட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் போகாமல் இருந்திருந்தால் 28 இடத்திலும் அந்தக் குடும்பங்களுக்கு யாரும் பருப்பு கொண்டுபோய்க் கொடுத்திருக்கமாட்டார்கள். அவர்கள் பாதிக்குக் கொடுத்தார்கள். நாம் முழுசுக்கும் கொடுக்கவில்லை. சோறு நல்லதென்று அவர்களுக்கும் தெரியும். எவ்வளவு சோறு எவ்வளவு நோயைத் தடுக்கும் என்பதுதான் தெரியாது. கணக்கு இல்லாமல் கஜானா திறக்காது. பாட்டிமார்கள் சொன்னால் நம்பாத விஷயத்தை 39 என்று சொன்னால் நம்புவோம். அந்தச் சீட்டைப் போட்டது டாக்டர்களின் கை என்றாலும், போடவைத்தது நம்முடைய கைதான்.

1959இன் விடையிலும் இப்படி ஓர் அபாயம் இருந்தது. சாப்பாடு குறைவானாலும் மருந்து வேலை செய்யும் என்றுதான் அது சொன்னது. கொடுக்க மனமில்லாதவர்களின் காதில் அது சாப்பாடே வேண்டியதில்லை என்று விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

விடை கிடைத்தபின் ஓரளவு காரியமும் நடந்திருக்கிறது. நோயாளிக்கு 2018 முதல் கொடுத்துவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் 1000 ஆயிற்று. குடும்பத்தாருக்கும் உணவு என்று அதே வருஷம் அறிவித்தார்கள். ஆனால் அது கொடையாளர்கள் மனம் வைத்தால் வருகிற தானமாக இருக்கிறது. அவர்களுக்கு உரிமையாக வரவில்லை.

பூக்கட்டிப் பார்ப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பூ வந்தாலும் அதன்படி நடப்பது என்று முன்னாலேயே மனசில் உறுதி செய்துகொள்ளவேண்டும். வந்த பூ பிடிக்கவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டால் அது தெய்வ நிந்தனை என்பார்கள் பெரியவர்கள். ஜார்க்கண்டில் பூ எடுத்தாகிவிட்டது. என்ன நிறம் என்று எல்லோரும் பார்த்தும் ஆகிவிட்டது. வெறும் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட வீடுகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனை இனியொரு ஆராய்ச்சியால் தீர்க்க முடியாது. அரிசியாலும் பருப்பாலும்தான் தீர்க்க முடியும்.