டீக்கடையில் பெயர்ப் பதிவு

கோடைப் பயிற்சிக்காகக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு வரும் பட்டணத்துப் பிள்ளைகள் முதல் வாரம் செல்போனுக்குள்ளேயே குடியிருப்பார்கள். மே மாத வெயில் அதற்கு நல்ல சாக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டிய இடம் அது. பேட்டரியும் துருவும் அங்கே கற்கலாம். ஊரைக் கற்க டீக்கடைதான். "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். அப்பாவுக்கு என்ன வேலை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள். பதிலுக்கு, எந்த மெஸ்ஸில் காரம் வயிற்றைப் பதம் பார்க்காது, ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு எப்படிப் போவது, எல்லாம் கிடைக்கும். கந்தரப்பத்துக்கு எந்தக் கடை என்பதில் மட்டும் இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். இரண்டு கடையிலும் சாப்பிட்டுவிடுங்கள்.