கடைசியில் குடித்தவர்கள்



மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை ஒட்டி நிழல் வேய்ந்த ஒரு திண்ணை இருந்தது. வீடுவாசலற்ற ஸஹாபாக்கள் அதில் தங்கித் தீனைக் கற்றார்கள். அந்தத் திண்ணைத் தோழர்களில் ஒருவரே ஹளரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள்.

ஸஹீஹ் புகாரியில் வரும் சம்பவம் இது. ஒருநாள் அவர்கள் பசியால் வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஒரு கிண்ணம் பால் அன்பளிப்பாக வந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்துவரப் பணித்தார்கள். நமக்கு மிஞ்சுமா என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் உள்ளம் கலங்கியது. ஆயினும் அழைத்து வந்து, தம் கையாலேயே ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். எல்லாரும் வயிறாரக் குடித்த பின்பே தாம் குடித்தார்கள். அவர்களுக்கும் பின்னால், கடைசியாகக் குடித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்!

மதரஸாவில் ஓதிய காலத்தில், கடைத் திண்ணையில் குளிரில் சுருண்டு கிடந்தவரைத் தாண்டியே சுபுஹுத் தொழுகைக்கு நான் போனதுண்டு. இந்த ஹதீஸ் பாடமாக வந்த அன்று வெட்கித் தலைகுனிந்தேன்.

பெற்றோர்களே! ஓதும் பிள்ளையின் கையில் கிதாபோடு ஒரு சோற்றுப் பொட்டலமும் கொடுத்தனுப்புங்கள். திண்ணையில் கிடப்பவர் எம்மதத்தவராயினும், பக்கத்தில் அமர்ந்து நலம் விசாரித்துக் கொடுக்கட்டும். நன்றியை எதிர்பார்க்க வேண்டாம். இல்மு அமலாவது அங்கேதான்.

அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.